பூட்டுக்காரர் பன்னிரண்டாம் தடவையாக சிகரெட்டை விட்ட கதை

சந்தைத் தெரு முனையில் பூட்டுக் கடை வைத்திருந்தவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது இரண்டே பேர். ஒன்று அவருடைய அம்மா, இன்னொன்று பள்ளிக்கூட வாத்தியார். அம்மா போய்ச் சேர்ந்துவிட்டாள். வாத்தியாரை இவரே ஆறாம் வகுப்போடு கைகழுவிவிட்டு வந்துவிட்டார். மற்ற எல்லோருக்கும் அவர் பூட்டுக்காரர்தான்.

கடை ஒரு கட்டில் அகலம் இருக்கும். ஒரு பக்கம் சாவி வெட்டும் மெஷின். சுவர் முழுக்க ஆணி, ஆணி முழுக்க வெட்டாத சாவி. வாசலில் தகரத்தில் செய்த பெரிய சாவி ஒன்று தலையில் இடிக்கிற உயரத்தில் தொங்கியது. வந்தவர்கள் எல்லோரும் அதில் இடித்துக்கொண்டார்கள். அதை ஏற்றிக் கட்டச் சொல்லிப் பொண்டாட்டி பலமுறை சொல்லிப் பார்த்தாள். அவர் கேட்கவில்லை. நெற்றியில் இடித்துக்கொண்டு உள்ளே வருகிறவன் பேரம் பேச மாட்டான் என்பது அவருடைய அனுபவம்.

முப்பத்துமூன்று வருடத்தில் அவர் திறக்காமல் திரும்பிய பூட்டு கிடையாது. வீட்டுக் கதவு, கார் கதவு, பீரோ, இரும்புப் பெட்டி, ஒருமுறை ஒரு பள்ளிக்கூடத்துக் கழிவறை. அதற்குள் தலைமையாசிரியரே மாட்டிக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் திறந்தார். எல்லாவற்றையும் உதட்டில் ஒரு சிகரெட்டோடு திறந்தார்.

அது ஆரம்பித்த விதம் இது. பத்தொன்பது வயதில் முதல் அவசர வேலை. ஒரு துணிக்கடை முதலாளி சாவியைத் தொலைத்துவிட்டு நிற்கிறார், பின்னால் இருபது பேர் வேடிக்கை பார்க்கிறார்கள். பூட்டுக்காரருக்குக் கை நடுங்கியது. கூட்டத்தில் எவனோ ஒரு புண்ணியவான் சிகரெட்டைப் பற்றவைத்து வாயில் சொருகினான். இரண்டு இழுப்பு, கை நின்றது, பூட்டு திறந்தது. அன்றிலிருந்து அவர் கைக்கு அதுவும் ஒரு கருவி. நெம்பு கம்பி, ஊசிக் கம்பி, சிகரெட். இந்த மூன்றில் எது இல்லாவிட்டாலும் வேலை ஓடாது என்று அவர் கை முடிவு செய்துவிட்டது. அவரை அது கேட்கவே இல்லை.

ஒரு நாளைக்கு இருபது. அவசர வேலை வந்தால் இருபத்தைந்து. பதினோரு தடவை விட்டிருக்கிறார். ஒருமுறை முழுசாக நாற்பது நாள் விட்டார். நாற்பதாம் நாள் அந்தச் சந்தோஷத்தைக் கொண்டாட ஒன்று பற்றவைத்தார்.

பன்னிரண்டாம் தடவை வந்தது மகளால்.

மகளுக்கு எட்டாம் மாதத்திலேயே குழந்தை பிறந்துவிட்டது. பேத்தி. ஒன்றரைக் கிலோகூட இல்லை. மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். பூட்டுக்காரர் தினமும் போய்க் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தார். பெட்டிக்கு ஒரு சின்னக் கொக்கி போட்டிருந்தார்கள். அதை எப்படித் திறப்பது என்று அவர் கை கணக்குப் போட்டது, வாய் மூடிக்கொண்டிருந்தது. வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் மகளிடம் சொல்லி அனுப்பினார்: நுரையீரல் இன்னும் பலப்படவில்லை, வீட்டில் புகையே கூடாது, புகை பிடித்துவிட்டு வந்தவர் சட்டையில் இருக்கும் வாடைகூட ஆகாது.

மகள் பிடிவாதத்தில் அப்பனுக்கு மேல். அன்றைக்கே போன் பண்ணினாள்.

"அப்பா, முப்பது நாள் தொடாம இருங்க. அப்புறம் வந்து குழந்தையத் தூக்குங்க. அதுவரைக்கும் என் வீட்டுப் படி ஏற வேண்டாம்."

"முப்பது நாளா? ஏம்மா, ஒரு பத்து..."

"முப்பது. பொய் சொல்ல மாட்டீங்கன்னு நம்பித்தான் கணக்கு உங்ககிட்டயே விடுறேன்."

போனை வைத்துவிட்டாள். பூட்டுக்காரர் பாக்கெட்டைத் தடவினார். இந்தப் பேச்சைத் தாங்குவதற்கே ஒன்று பிடிக்க வேண்டும் போலிருந்தது.

அன்று சாயங்காலம் வீட்டில் ஒரு பெரிய வழக்கு நடந்தது. வாதி அவர் பொண்டாட்டி. பள்ளிக்கூடச் சீருடை தைக்கிறவள், முன்னறையில் தையல் மெஷின், மெஷினைச் சுற்றி நீலக் கால்சட்டை மலை. பிரதிவாதி அவளுடைய தம்பி. மருந்துக் கடையில் பதினெட்டு வருடமாக மாத்திரை எடுத்துக் கொடுக்கிறவன். அதனால் வீட்டில் அவனுக்கு டாக்டர் என்று பட்டம், மரியாதைக்காக இல்லை.

பொண்டாட்டியின் கட்சி ரொம்பச் சுருக்கம். எல்லாம் மனசு. மனசு வைத்தால் இந்த நிமிஷம் விடலாம், மனசு இல்லை, அதனால் விடவில்லை. அவ்வளவுதான். மெஷினை மிதித்துக்கொண்டே சொன்னாள், ஊசி குத்துகிற வேகத்தில்.

தம்பி கட்சி நீளம். இது வியாதி என்றான். சர்க்கரை மாதிரி, ரத்தக் கொதிப்பு மாதிரி. மனசைத் திட்டினால் சர்க்கரை இறங்குமா, அதுபோலத்தான் இதுவும். மூளைக்குள்ளே போய் நிகோட்டின் உட்கார்ந்துவிட்டது, அதை மருந்து கொடுத்துத்தான் கொஞ்சம் கொஞ்சமாக எழுப்ப வேண்டும். பூட்டுக்காரருக்குப் புரிய வேண்டுமே என்று அவர் தொழிலையே உதாரணமாக எடுத்தான்.

"மச்சான், மூளையில ஒரு பூட்டு இருக்குன்னு வைங்க. அதுக்கு சிகரெட்டுதான் சாவி. முப்பத்துமூணு வருஷமா அதே சாவியப் போட்டுத் திருப்பிட்டீங்க. இப்போ திடீர்னு சாவி இல்லன்னா பூட்டு என்ன பண்ணும்?"

"அப்போ டூப்ளிகேட் சாவி போடு."

"அதத்தானே கொண்டுவந்திருக்கேன்" என்று பையிலிருந்து ஒரு அட்டையை எடுத்து வைத்தான். நிகோட்டின் சூயிங்கம்.

பூட்டுக்காரர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முப்பத்துமூன்று வருடமாக டூப்ளிகேட் சாவி வெட்டிச் சாப்பிடுகிற மனிதருக்கு டூப்ளிகேட் சாவி மேல் கொஞ்சமும் மதிப்பில்லை. நான் என்ன வியாதிக்காரனா என்று கேட்டு அட்டையைக் கருவிப் பெட்டிக்குள் ஸ்பிரிங்குகளுக்கு நடுவே எறிந்தார். ஒரு விஷயம் சொல்ல வேண்டும். சிகரெட் கையில் இல்லாத நேரத்தில் அவர் எப்போதும் மனசுக் கட்சி. கையில் இருக்கும் நேரத்தில் வியாதிக் கட்சி. அன்று கையில் இல்லை.

வழக்கு அதோடு முடிந்திருக்கும். தம்பிக்குத்தான் வாய் சும்மா இருக்காதே. "எல்லாம் மனசுதானேக்கா? நீ ஒரு நாளைக்கு ஏழு டம்ளர் டீ குடிக்கிற. முப்பது நாள் விட்டுக் காட்டு" என்றான்.

மெஷின் நின்றது. "இது ஒரு பெரிய விஷயமாடா?" என்றாள் அவள். கையில் பாதி குடித்த டம்ளர் இருந்தது. அதைக் கழுவும் தொட்டியில் கொட்டிவிட்டு வந்து உட்கார்ந்தாள். அந்த வீட்டில் ஒரே நாளில் இரண்டு பேர் விட்டார்கள்.

முதல் வாரத்தில் சந்தைத் தெருவுக்கே விஷயம் தெரிந்துவிட்டது. யாரும் சொல்லித் தெரியவில்லை. பூட்டுக்காரர் கடையில் ஸ்கூட்டர் சாவி கேட்டவனுக்கு வீட்டுச் சாவி வெட்டிக் கொடுத்தார், கேள்வி கேட்டால் மெஷினை ஓடவிட்டார். வாயில் ஏதாவது இருந்தாக வேண்டும் என்று சாவியில் மாட்டும் பிளாஸ்டிக் அட்டைகளைக் கடித்தார். சிவப்பு, பச்சை, மஞ்சள் என்று ஒரு டப்பா அட்டை காலி. கை ஒரு பக்கம் லேசாக ஆட ஆரம்பித்தது. சாதாரணப் பீரோ சாவியை நான்கு முறை வெட்டினார். வாடிக்கைக்காரர் ஒருவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டே, அந்தச் சாவியைக் கொஞ்சம் ஏற்றிக் கட்டக் கூடாதா என்று கேட்டார். வருடக்கணக்காக எல்லோரும் கேட்கிறதுதான். பூட்டுக்காரர் ஸ்டூலைப் போட்டு ஏறி அதை இன்னும் இரண்டு விரற்கடை இறக்கிக் கட்டினார்.

வீட்டில் நிலைமை இதைவிட மோசம். மூன்றாம் நாளே பொண்டாட்டிக்கு மண்டை பிளந்தது. கால்சட்டை இடுப்பில் சட்டைக் காலரை வைத்துத் தைத்துவிட்டாள். தம்பி வந்து பார்த்துவிட்டு, தலைவலி மாத்திரை வேண்டுமா, இல்லை அதுவும் மனசா என்று கேட்டான். கத்தரிக்கோலைத் தேடினாள். அவன் செருப்பைக்கூட மாட்டாமல் இறங்கிப் போனான்.

இதற்கு நடுவில் பூட்டுக்காரர் ஒரு தப்புப் பண்ணினார். வேறு தொழில் செய்கிறவன் யாரும் இந்தத் தப்பைப் பண்ண மாட்டான். வீட்டில் ஒரு பாக்கெட் மிச்சம் இருந்தது. எவனாக இருந்தாலும் தூக்கிக் குப்பையில் போடுவான். இவருக்குக் கையிருப்பே இல்லை என்றால் நெஞ்சடைக்கும், நேராகக் கடைக்குத்தான் ஓடுவார். பழைய பதினோரு தடவையும் அப்படித்தான் கவிழ்ந்தது. அதனால் இந்த முறை பாக்கெட் வீட்டிலேயே இருக்கட்டும், பீரோவில் வைத்துப் பூட்டிச் சாவியை நீயே வைத்துக்கொள் என்று பொண்டாட்டியிடம் கொடுத்தார். அவளும் பூட்டிச் சாவியைப் பணப்பையில் போட்டுக்கொண்டாள். இரண்டு பேருக்கும் ரொம்பத் திருப்தி. ஊரில் உள்ள பூட்டையெல்லாம் திறக்கிற ஒருவரிடமிருந்து ஒரு பொருளைப் பூட்டி வைத்திருக்கிறோம் என்று இரண்டு பேருக்கும் தோன்றவே இல்லை.

பன்னிரண்டாம் நாள் மத்தியானம் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்தார். பொண்டாட்டி இல்லை. வழக்கமாகச் சாப்பாட்டை எடுத்து வைத்துவிட்டு மகள் வீட்டுக்குப் போய்விடுவாள். பூட்டுக்காரர் பீரோவுக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிட்டார். கையைக் கழுவினார். அலமாரியில் ஒரு கொண்டை ஊசி கிடந்தது. அதை எடுத்துப் பல் குத்தினார். அதுவரைக்கும் நடந்தது அவருக்கு நன்றாக நினைவிருக்கிறது. அப்புறம் அவர் சாயங்காலம் வரப்போகிற கார்க்காரனைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தார். யோசனை முடிந்தபோது பீரோ திறந்திருந்தது. சத்தியமாகத் தான் திறக்கவில்லை என்றுதான் அவருக்குத் தோன்றியது. கை திறந்திருக்கிறது.

ஒன்று பிடித்தார். பின்கட்டில் நின்று பிடித்தார். அணைத்துவிட்டு இன்னொன்றைப் பற்றவைத்துப் பாதியில் தன் மேலேயே கோபம் வந்து நசுக்கினார். ஆக ஒன்றரை. பீரோவைப் பழையபடி பூட்டினார், அதே கொண்டை ஊசியால். பூட்டிய சுத்தத்தைப் பார்த்து ஒரு கணம் பெருமைகூடப் பட்டார். அப்புறம் நசுக்கின துண்டுகளைப் பொறுக்கிக் காகிதத்தில் சுருட்டிப் பின்சுவருக்கு அந்தப் பக்கம் எறிந்தார்.

சாயங்காலம் பொண்டாட்டி மோப்பம் பிடித்திருக்க வேண்டும். பிடிக்கவில்லை. அன்றைக்கு அவள் அவர் பக்கத்திலேயே வரவில்லை. அறைக்கு அந்த மூலையில் நின்று பேசினாள், அவர் இந்த மூலையில் நின்று பதில் சொன்னார். அவளாக வந்து மோந்து பார்க்காததே பெரிய தெய்வச் செயல் என்று நினைத்துக்கொண்டார். மகள் தினமும் போனில் அம்மாவிடம் எத்தனை நாள் என்று கேட்பாள். அம்மா பன்னிரண்டு என்றாள், மறுநாள் பதின்மூன்று என்றாள். பூட்டுக்காரர் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு நாளும் வாயைத் திறப்பார். சொன்னால் முதலிலிருந்து முப்பது. மூடிக்கொள்வார். தனக்குள் மட்டும் வேறு கணக்கு ஓடியது: ஒன்று, இரண்டு, மூன்று.

பத்தொன்பதாம் நாள், அவர் சொந்தக் கணக்கில் ஏழாம் நாள், காலை பதினொரு மணிக்கு மகளிடமிருந்து போன். பேச்சு ஒழுங்காக வரவில்லை. துணி காயப்போட வெளியே வந்தாளாம். காற்றுக்குக் கதவு சாத்திக்கொண்டது. சாவி உள்ளே. குழந்தையும் உள்ளே. பக்கத்து வீட்டுப் போனில் பேசுகிறாள். இன்னொரு சாவி மருமகனிடம் இருக்கிறது, அவன் லாரி ஓட்டிக்கொண்டு நானூறு மைலுக்கு அந்தப் பக்கம் போய்விட்டான். குழந்தைக்கு இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் பால் கொடுத்தாக வேண்டும். கொடுத்து ஒன்றரை மணி நேரம் ஆகிவிட்டது.

பூட்டுக்காரர் கருவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடியபோது முதல் தடவையாகத் தன் தகரச் சாவியில் தானே இடித்துக்கொண்டார்.

ஸ்கூட்டரில் போகும்போதுதான் முழு விவரமும் மண்டையில் ஏறியது. அந்தக் கதவுக்குப் பூட்டுப் போட்டது அவர்தான். மகள் தனியாக இருக்கிற வீடு என்று கையில் கிடைத்ததிலேயே முரட்டுப் பூட்டாகத் தேடிப் போட்டார். சாத்தினாலே பூட்டிக்கொள்ளும். உள்ளே ஏழு பின். ஒவ்வொரு பின்னையும் அதனதன் உயரத்துக்கு மயிரிழை பிசகாமல் தூக்கி நிறுத்தினால்தான் திரும்பும். அதில் இரண்டு பின் பொய் சொல்லும், நின்றுவிட்ட மாதிரி நடிக்கும், நம்பித் திருப்பினால் எல்லாம் விழுந்துவிடும். டிரில் போட முடியாதபடி முன்னால் கெட்டி இரும்புத் தகடு. கதவை உடைக்க முடியாதபடி உள்பக்கம் இரும்புத் தகடு. ஜன்னலுக்கெல்லாம் கம்பி. சாவி இரண்டுக்கு மேல் வேண்டவே வேண்டாம் என்று தடுத்ததும் அவர்தான். மாட்டி முடித்த அன்று மருமகன் தோளில் தட்டி, இதை நானே வந்தாலும் திறக்க முடியாது மாப்பிள்ளை என்று சொன்னார். அந்தச் சொல் அப்படியே நினைவில் இருந்தது. சிரித்த சிரிப்புகூட நினைவில் இருந்தது.

மூன்றாம் மாடி. மகள் கதவோடு கதவாக ஒட்டி நின்றாள். தோளில் ஈரத் துணி. பக்கத்து வீட்டுக்காரர், எந்நேரமும் பனியன் போட்டிருக்கிற ஓய்வுபெற்ற கண்டக்டர், கடப்பாரையோடு தயாராக நின்றார். உடைத்துவிடலாம் என்றார். உள்ளே தகடு இருக்கிறது, நானே போட்டேன் என்றார் பூட்டுக்காரர். கண்டக்டர் அவரை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுக் கடப்பாரையைச் சுவரில் சாய்த்தார்.

"அழுதாளா?"

"இல்லப்பா. சத்தமே இல்ல. அதான் பயமா இருக்கு."

அழுதாலும் பயம், அழாவிட்டாலும் பயம் என்கிற நிலைமை. பூட்டுக்காரர் மண்டியிட்டார். இடது கையில் நெம்பு கம்பி, வலது கையில் ஊசிக் கம்பி. முதல் பின்னைத் தொட்டார். கை ஆடியது. கம்பி சாவித் துளையின் ஓரத்தில் கடகடவென்று தட்டியது, தந்தி அடிக்கிற மாதிரி. மூன்று பின் ஏறியது, விழுந்தது. இரண்டு ஏறியது, விழுந்தது. நெற்றி வியர்வை கண்ணில் இறங்கியது. முப்பத்துமூன்று வருடத்தில் உதட்டில் ஒன்றும் இல்லாமல் அவர் ஒரு பூட்டையும் திறந்ததில்லை. அது அவர் கைக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

இதற்குள் பொண்டாட்டியும் மூச்சு வாங்கிக்கொண்டு மேலே வந்துவிட்டாள். தம்பியையும் வழியில் மருந்துக் கடையிலிருந்து இழுத்து வந்திருந்தாள். வந்த வேகத்தில் இரண்டு பேரும் வாயைத் திறந்தார்கள். மகள் ஒரு பார்வை பார்த்தாள். மூடிக்கொண்டார்கள்.

கண்டக்டருக்கு விஷயம் புரிந்துவிட்டது. அவரும் புகைக்கிற கட்சிதான். மடியிலிருந்து ஒரு சிகரெட்டை எடுத்து நீட்டினார், கூடவே தீப்பெட்டி. பூட்டுக்காரர் மகளைப் பார்த்தார். மகளும் அவர் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பிடிங்கப்பா. பரவாயில்ல. முப்பது நாளாவது ஒண்ணாவது, கதவத் தொறங்க."

பொண்டாட்டி தலையை ஆட்டினாள். தம்பியும் ஆட்டினான். எல்லாக் கட்சியும் சேர்ந்து அனுமதி கொடுத்த ஒரே சிகரெட் அவர் வாழ்க்கையில் அதுதான்.

வாங்கி உதட்டில் வைத்தார். வைத்த உடனேயே தோள் இறங்கியது. கண்டக்டர் தீக்குச்சியைக் கிழிக்கப் போனார். பூட்டுக்காரர் பழக்கத்தில் முகத்தைப் பூட்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோய், இடது கை விரலைச் சாவித் துளையின் மேல் வைத்தார். விரல் நுனியில் சில்லென்று இருந்தது. மாடிப்படிக் காற்று அந்தத் துளை வழியாக வீட்டுக்குள் போய்க்கொண்டிருந்தது. உள்ளே பின்பக்க ஜன்னல் திறந்திருக்க வேண்டும், இழுக்கிறது. விரலை எடுத்தார், மறுபடி வைத்தார். சந்தேகமே இல்லை. அவர் ஊதுவது முழுக்க அந்த வழியாகத்தான் போகும். வாய்க்கும் துளைக்கும் நடுவே ஒரு சாண்கூட இல்லை.

சிகரெட்டை எடுத்துக் கண்டக்டர் கையில் திருப்பிக் கொடுத்தார்.

"காத்து உள்ள இழுக்குது" என்றார். அவ்வளவுதான் சொன்னார். கண்டக்டருக்கு ஒன்றும் புரியவில்லை. மகளுக்குப் புரிந்தது. ஈரத் துணியை வாயில் பொத்திக்கொண்டாள்.

சிகரெட்டைக் கொடுத்தாயிற்று, கை நிற்க வேண்டுமே. வேறு மெல்லிய கம்பி இருக்கிறதா என்று கருவிப் பெட்டியைத் துழாவினார். ஸ்பிரிங்குகளுக்கு நடுவிலிருந்து அந்த அட்டை வந்தது. பத்தொன்பது நாளாக அங்கேயே கிடந்திருக்கிறது, மேலே எண்ணெய் படிந்து. அட்டையைப் பார்த்தார். தம்பியைப் பார்த்தார். தம்பி வேண்டுமென்றே கூரையைப் பார்த்தான். பூட்டுக்காரர் ஒன்றைப் பிதுக்கி வாயில் போட்டு மாடு மாதிரி மென்றார்.

"அப்படி மெல்லக் கூடாது மச்சான்" என்று தம்பி கூரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "நாலு கடி கடிச்சிட்டு கன்னத்துல ஒதுக்கி வைங்க. ஊறணும்."

"எவ்வளவு நேரம்?"

"பத்து நிமிஷமாவது ஆகும்."

அந்தப் பத்து நிமிஷத்துக்கு மருந்து கிடையாது. பின்னைத் தொட்டால் விழும், தொடாமல் இருந்தால் மனசு நிற்காது. மண்டியிட்டபடியே கம்பியைத் துளையில் வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தார். வாயில் புதினாவும் மிளகும் கலந்த ஒரு கண்றாவிச் சுவை. உள்ளே காது கொடுத்தார். ஒன்றும் கேட்கவில்லை. கண்டக்டர் பற்றவைக்கப் பயந்து தன் சிகரெட்டைக் காதில் சொருகிக்கொண்டு நின்றார்.

கை முழுசாக நின்றதா என்றால் இல்லை. ஆட்டம் பாதி குறைந்தது. மீதிப் பாதியை அவர் மூச்சை அடக்கி அடக்கித்தான் சமாளித்தார். ஒரு பின், மூச்சு. இன்னொரு பின், மூச்சு. நாலாவது பின் நின்ற மாதிரி நடித்தது. இவனைத் தெரியும் என்று விட்டுவிட்டு மறுபடி தட்டினார், அப்போதுதான் உண்மையாக நின்றான். ஆறாவதும் அதே கள்ளன். ஏழாவது ஏறியபோது கம்பியில் ஒரு சின்ன வழுக்கல் தெரிந்தது. பூட்டு திரும்பியது.

மகள் அவர் முதுகு மேல் ஏறாத குறையாக உள்ளே ஓடினாள். உள்ளேயிருந்து அவள் சிரிக்கிற சத்தமும் அழுகிற சத்தமும் சேர்ந்து வந்தது. தூங்குகிறாள், அசையக்கூட இல்லை என்றாள்.

பொண்டாட்டி உள்ளே போனாள், தம்பி உள்ளே போனான். பூட்டுக்காரர் வாசற்படிக்கு வெளியிலேயே உட்கார்ந்துவிட்டார். மகள் திரும்பி வந்து பார்த்தாள்.

"ஏம்ப்பா அங்கயே உக்காந்துட்டீங்க? உள்ள வாங்க."

"முப்பது நாள் ஆகல."

"பத்தொன்பது ஆச்சுல்ல. போதும், வாங்க."

பூட்டுக்காரர் சூயிங்கத்தை இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்கு மாற்றினார். கருவிகளை ஒவ்வொன்றாகப் பெட்டியில் அடுக்கினார். எடுத்து மறுபடி அடுக்கினார்.

"பத்தொன்பது இல்ல. ஏழு" என்றார். "நடுவுல பீரோவத் தொறந்துட்டேன். ஒண்ணரை பிடிச்சேன்."

பொண்டாட்டியும் தம்பியும் வாசலுக்கு வந்துவிட்டார்கள். பொண்டாட்டி பணப்பையைத் திறந்து பீரோச் சாவி இருக்கிறதா என்று பார்த்தாள். இருந்தது. அப்போதுதான் அவளுக்கு அந்த ஏற்பாட்டில் இருந்த ஓட்டை தெரிந்தது. திட்டத்தான் வாயைத் திறந்தாள். திறந்த வாயில் வேறு என்னவோ வந்தது.

"அன்னிக்கு... நானும் எதிர்வீட்டுல ரெண்டு டம்ளர் டீ குடிச்சேன்."

"அதான் அந்த மூலையிலயே நின்னியா?"

"நீங்க மட்டும் பக்கத்துல வந்தீங்களா?"

மகள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். அப்புறம் குனிந்து அப்பாவின் சட்டைத் தோளை மோந்து பார்த்தாள். பூட்டு எண்ணெய், வியர்வை, புதினா. ரொம்ப நேரம் யோசித்தாள், அல்லது அவருக்கு ரொம்ப நேரமாகத் தெரிந்தது.

"கணக்கு ஏழுலேருந்துதான் போகும்" என்றாள். "எட்டாவது நாளும் என்கிட்ட நீங்களே சொல்லணும். இப்போ முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டுக் கழுவிட்டு, அவரோட துவைச்ச சட்டை கொடியில இருக்கு, அதப் போட்டுட்டு வாங்க. பால் குடுக்கணும், அதுக்கு முன்னாடி ரெண்டு நிமிஷம்."

பூட்டுக்காரர் கை கழுவுகிற நேரத்தில் வெளியறையில் வழக்கு மறுபடி எடுத்துக்கொள்ளப்பட்டது. கதவைத் திறந்தது சூயிங்கம்தான் என்றான் தம்பி. கண்ணால் பார்த்தோம், போட்டதும் கை நின்றது, இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும் என்று கேட்டான். வாயில் வைத்த சிகரெட்டை எடுத்துத் திருப்பிக் கொடுத்தாரே, அப்போது எந்தச் சூயிங்கம் வாயில் இருந்தது, அது மனசு இல்லாமல் மாத்திரையா என்று கேட்டாள் அக்கா. அப்படியென்றால் ஒன்றரை சிகரெட்டும் இரண்டு டம்ளரும் எந்த மனசு என்றான் தம்பி. நீதிபதியாகக் கண்டக்டரைக் கூப்பிட்டார்கள். அவர் காதிலிருந்த சிகரெட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு, தனக்கும் அந்த அட்டை எங்கே கிடைக்கும் என்று கேட்டார்.

குழந்தை கையில் வந்தபோது பூட்டுக்காரருக்கு எப்படிப் பிடிப்பது என்று தெரியவில்லை. மருமகன் சட்டை அவருக்கு வயிற்றில் இறுக்கிப் பிடித்தது. மகள் சொல்லச் சொல்ல ஒரு கையைத் தலைக்குக் கீழே, ஒரு கையை முதுகுக்குக் கீழே கொடுத்தார். கை இன்னும் கொஞ்சம் ஆடியது. குழந்தைக்கு அது தொட்டில் மாதிரி இருந்திருக்கும், சும்மா கிடந்தது. பால் கலக்க மகள் சமையலறைக்குப் போனாள்.

அப்போது பார்த்து வெளியறையில் தம்பி குரல் உயர்ந்தது, அக்கா குரல் அதற்கு மேல் உயர்ந்தது. குழந்தை முகத்தைச் சுளித்துச் சிவந்து, வாயைத் திறந்து ஒரு கத்துக் கத்தியது. பலமில்லாத நுரையீரல் என்று டாக்டர் சொன்னது அதைத்தான். கண்டக்டர் படி இறங்கி நின்றார். சண்டை போட்டவர்கள் இரண்டு பேரும் கையெடுத்துக் கும்பிட்டு, சந்தோஷம் தாங்காமல், கேட்டியா தொண்டையை என்று ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கொண்டார்கள். சொல்லி முடித்த உடனே, இப்போது அழ வைத்தது யார் என்று அடுத்த வழக்கு.

"ரெண்டு பேரும் வெளிய போய்ப் பேசுங்க" என்றார் பூட்டுக்காரர்.

அவர்கள் பேசிக்கொண்டே வாசலுக்கு வெளியே போனார்கள். பூட்டுக்காரர் காலால் கதவைத் தள்ளினார். கதவு சாத்திக்கொண்டது. ஏழு பின்னும் அதனதன் இடத்தில் விழுகிற சத்தம் அவருக்கு நன்றாகக் கேட்டது.

கொஞ்ச நேரம் கழித்து வெளியேயிருந்து பொண்டாட்டி தட்டினாள்.

"என்னங்க, கதவு பூட்டிக்கிச்சு. தொறங்க."

குழந்தை அழுகையை நிறுத்திவிட்டு அவரையே பார்த்தது.

"கை காலியா இல்ல" என்றார் பூட்டுக்காரர்.